மூன்றாம் தொட்டிக்கு முன் தேட வேண்டியது

இருபது வருடம் ஈரத்தோல் சுமந்த தோள்பட்டை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போதும் பவுலினாவுக்கு வலித்தது. தோல் ஆலையில் இப்போது வேலை பிரித்துக் கொடுப்பவை ஏஐ ஏஜென்ட்கள். அவை பழைய பதிவேடுகளைத் தேடும் கருவிக்கு உபயோகக் குறிப்பு எழுதுவது அவள் வேலை.

போன வாரம் இப்படிச் சேர்த்தாள்: “விஷவாயு என்று எந்தத் தொழிலாளியும் எழுதமாட்டான். அழுகிய முட்டை வாடை என்பதை ‘முட்ட நாத்தம்’ என்றுதான் எழுதுவான்; அப்படியும் தேடு. ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆபத்தில்லை என்று முடிவுகட்டாதே. ஆளைக் கேள்.”

“இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று மேலாளர் சிரித்தார்.

இன்று காலை, மூன்றாம் தொட்டியைக் கழுவ ஆளை இறக்க ஏஜென்ட் மறுத்துவிட்டது. மேலாளர் கத்தினார். வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அது அலறியது.

இறங்கவிருந்த தணிகாசலம் ஓடிவந்தான். “யக்கா, உன் எழுத்து என்னைக் காப்பாத்திடுச்சு! சார் மூஞ்சியப் பாரேன்!”

ஆலை முழுக்க விசில் பறந்தது. பவுலினாவும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“தேடச் சொன்னதுதான்டா நானு. அதுக்குக் கெடச்சது, முன்னாடி இங்க தொட்டி கழுவுன ஏழுமல எழுதினது. ‘தொட்டியில முட்ட நாத்தம்’னு எழுதிவச்சுட்டு எறங்குனான். பொணமாத்தான் தூக்குனோம்.”

ஏழுமலையின் மனைவிக்குத் தருவதாகச் சொன்ன வேலையை ஆலை இன்னும் தரவில்லை.