பேட்டரி நல்லாத்தான் இருக்கு

“மொதல்ல பேட்டரிய மாத்திக் குடும்மா. அப்புறம் இந்த ஆளு இன்னா பொய் சொல்றாருன்னு பாக்கறேன்.”

கணவனின் போனைச் செல்போன் கடையின் கண்ணாடி மேசைமேல் தட்டென்று வைத்தாள் செவ்வந்தி. இடுப்பில் மூன்று வயது மகள். பக்கத்தில் சின்னக்கண்ணு சட்டைக் காலரைத் திருகிக்கொண்டு நின்றான். கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவன்.

“இன்னாக்கா பிரச்சன?” கடைக்காரப் பெண் இலக்கியா போனைக் கையில் எடுத்தாள்.

“தெனம் மத்தியானமே சுவிட்ச் ஆப். கேட்டா பேட்டரி வீக்காம். போன வாரம் பாப்பாவுக்கு ஜுரம் ஏறி வெட்டி வெட்டி இழுக்குது. இவருக்குப் போட்டுப் போட்டு வெரலே தேஞ்சிபோச்சி. கடசில பக்கத்து வூட்டுக்காரர் வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன்.”

சின்னக்கண்ணு நிமிரவில்லை.

வாசலில் ஒரு பஸ் காது கிழியும்படி ஹாரன் அடித்தது. இலக்கியா திடுக்கிட்டதில் போன் கையிலிருந்து நழுவப் பார்த்தது. குழந்தை மட்டும் கண்ணாடிக்குள் தொங்கிய கலர் கவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

இலக்கியா செட்டிங்ஸைத் திறந்து பார்த்தாள். போனைத் திருப்பி முதுகைத் தடவினாள்.

“மாத்தவே வேணாம்க்கா. பேட்டரி ஹெல்த் தொண்ணூத்தோரு பர்சென்ட் இருக்கு. எண்பதுக்குக் கீழ எறங்குனாலோ, முதுகு உப்பிக்கினு வந்தாலோ, சார்ஜ் இருக்கும்போதே பொசுக்குனு ஆப் ஆனாலோதான் மாத்தணும். இது நல்லாத்தான் இருக்கு.”

“மலையில டவர் தேடித் தேடியே எறங்குதும்மா,” என்று சின்னக்கண்ணு அவசரமாகச் சொன்னான். “நீ நோண்டாத, புதுசு போட்டு வுடு.”

“டவர் இல்லன்னாலும் எறங்கும்தாண்ணா. ஆனா இங்க பாருங்க, முக்காவாசி சார்ஜ வீடியோதான் தின்னுது. டவுன்லோடு பண்ணி வெச்சி, காலையிலேர்ந்து பாத்துக்கினே இருக்கீங்க.”

“வீடியோவா?” செவ்வந்தி திரும்பினாள்.

சின்னக்கண்ணு போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அதற்குள் அவள் பறித்துக்கொண்டாள்.

திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். பெயர் எதுவும் இல்லை, வெறும் நம்பர்கள். எல்லாவற்றிலும் ஒரே பெண். மஞ்சள் சுடிதார், தோளில் புரளும் முடி, சிரித்த முகம்.

“யாருய்யா இவ?”

சின்னக்கண்ணு வாசலைப் பார்த்தான்.

“பெத்த புள்ள இழுத்துக்கினு கெடக்குது. நீ மலைமேல ஜீப்ப நிறுத்திட்டு இவ மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தியா? சொல்லுய்யா, யாரு இவ?”

கடைக்கு வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். இலக்கியா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். சின்னக்கண்ணுவின் கழுத்தில் வியர்வை வழிந்தது.

“இங்க வேணாம் செவ்வந்தி. வூட்டுக்குப் போயி பேசிக்கலாம்.”

“இங்கதான் பேசணும். நாலு பேரு பாக்கட்டும்!”

ஒரு படத்தை அழுத்தினாள். வீடியோ ஓடியது. அந்தப் பெண் வாய் திறக்கவே இல்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினாள், விரல்களை மடக்கினாள், நெஞ்சைத் தொட்டு நிறுத்தி நிதானமாக மறுபடியும் அதையே செய்து காட்டினாள்.

செவ்வந்தியின் கோபம் பாதியில் நின்றது.

இடுப்பிலிருந்த மகள் திரையைப் பார்த்துத் துள்ளினாள். தன் குட்டிக் கைகளை உயர்த்தி, அப்பாவைப் பார்த்து அதேபோல் செய்தாள். சின்னக்கண்ணு தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் சரியாக மடங்கவில்லை. இருந்தும் குழந்தைக்குப் புரிந்துவிட்டது. அவன் கழுத்துக்குத் தாவியது.

“இதப் போயி ஏன்யா மறச்ச?” செவ்வந்தி போனை மேசைமேல் வைத்தாள்.

“சைகை ஒழுங்கா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.” மகளின் தலையைத் தடவினான். “காது கேக்காத பொண்ணுகிட்ட அப்பன் வேற எப்பிடிப் பேசுறது, புள்ள?”