கள்ளின்னு எழுது

"கள்ளின்னு எழுது நைனா. வேலிக்குக் கள்ளி வெட்டினேன், பால் பட்டுடுச்சு. அவ்ளோதான்" என்றாள் கெங்கம்மாள்.

கம்பவுண்டர் உலகநாதன் மைக்கூட்டில் முக்கிய பேனாவை அப்படியே நிறுத்தினார். பூந்தமல்லி தர்ம ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும்தான். மற்ற நாட்களில் மருந்து கலக்குவது, புண் கழுவுவது, சீட்டு எழுதுவது எல்லாம் உலகநாதன். பதினோரு வருஷமாகக் கை பார்த்தவரிடம் ஒருத்தி வந்து கதை விடுகிறாள்.

"கள்ளிப்பால் பட்டா கொப்புளம் கட்டும். உனக்குத் தோல் வறண்டு வெடிச்சிருக்கு. இது சாமந்தி. மார்கழி பொறந்தா பாரிவாக்கத்துப் பூந்தோட்டத்துலேர்ந்து பாதிப் பேர் இந்தக் கையோடதான் வந்து நிக்கறாங்க."

"சாமந்தியா! அந்தத் தோட்டத்து வரப்புல நடந்து போறதோட சரி. நான் சூளையில கல்லு அறுக்கறவ. தாலி அறுத்துப் பன்னெண்டு வருசமாச்சு. எனுக்கு இன்னாத்துக்கு நைனா பூவு?"

தாழ்வாரத்தில் கெங்கம்மாளின் மருமகள் சொர்ணம், முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். இருவரும் திருமழிசைச் சூளையில்தான் வேலை. நாலு நாளைக்கு முன்னால் மேஸ்திரி துலுக்கானம் கெங்கம்மாளின் விரல்களைப் பார்த்துவிட்டு, "குஷ்டம்டீ!" என்று கத்தி, ஒரே வீட்டில் இருக்கிறவள் என்று மருமகளையும் சேர்த்து விரட்டிவிட்டான். ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாமல் சூளைப் பக்கம் தலை காட்டக் கூடாது என்று உத்தரவு. நாலு நாளாகப் பக்கத்து வீட்டுக் கஞ்சி. இன்னும் இரண்டு நாள் போனால் அவர்கள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடும்.

அந்தச் சீட்டில் மூன்று கட்டம். என்ன நோய், தொற்றுமா, காரணம் என்ன. மூன்றாவது கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது.

"தபாரு கெங்கம்மா, பூவுன்னு எழுதறேன். குஷ்டம் இல்லைன்னு ஆயிடுது. நாளைக்கே ரெண்டு பேரும் வேலைக்குப் போங்க. இதுல உனக்கு இன்னா நஷ்டம்?"

"அந்த மேஸ்திரி மூணாங் கிளாஸ் படிச்சவன். துண்டுக் காயிதம் கெடைச்சாலும் நடுச் சூளையில நின்னு நோட்டீஸ் மாதிரிப் படிப்பான். வேலை போனாலும் போவட்டும், பூவுன்னு மட்டும் எழுதாத."

கஞ்சிக்கு வழியில்லாதவள் வேலை போனால் போகட்டும் என்கிறாள். உலகநாதனுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் இரண்டு கைகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சாமந்தி பறிக்கிறவர்களுக்கு உள்ளங்கை, புறங்கை, முழங்கை வரைக்கும் தடித்துப் போயிருக்கும். இவளுக்குக் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் நுனிகளில் மட்டும்தான் வெடிப்பு. சேற்றைப் பிசைந்து பிசைந்து மரத்துப்போன மற்ற இடமெல்லாம் சூளைக் கல் மாதிரி கெட்டியாக இருந்தது.

"இது பறிக்கிற கை இல்ல. தொடுக்கிற கை. திருட்டுத்தனமாப் பூ கட்டி விக்கிறியா?"

"மூணு வேளையும் மண்ணு மிதிக்கறவளுக்குப் பூ யாவாரம் வேறயா? பொழப்பத்துப் பேசற நைனா."

"சாமிக்கு மாலை கட்டறியா?"

"எங்கள எந்தக் கோயில்ல உள்ள வுட்டாங்க?"

உலகநாதன் அவள் கைகளை மெல்ல மேஜை மேல் வைத்தார். பிறகு, "மகனுக்குக் கல்யாணம் கில்யாணம்..." என்று இழுத்தார்.

"இருந்த ஒரு புள்ளையும் கெணறு வெட்டப் போயி மண்ணு சரிஞ்சி பூட்டான். ரெண்டு வருசமாவுது. இனிமே எங்க ஊட்டுல யாருக்குக் கல்யாணம்? களிம்பக் குடு, நாங்க போறோம். சீட்டும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

குரல் அழவில்லை. அறுத்த கல்லை எண்ணிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். உலகநாதன் எழுந்து போய்ப் பூவரச இலையில் களிம்பை வழித்து வைத்தார். வெடித்த விரலால் கெங்கம்மாளுக்கு அதை மடிக்க வரவில்லை.

"ஏம்மா, நீ வந்து வாங்கிக்க" என்று மருமகளைக் கூப்பிட்டார்.

சொர்ணம் வந்து மேஜை மேல் குனிந்தாள். இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். குனிந்த வேகத்தில் முந்தானை நழுவித் தோளில் விழுந்தது. அவள் அதை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொள்வதற்குள், கெங்கம்மாள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"இன்னா நைனா பாக்கற?"

உலகநாதன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவை மையில் முக்கி, மூன்றாவது கட்டத்தை நிரப்பி, மை காய ஊதி நீட்டினார்.

"கள்ளின்னே எழுதிட்டேன். தொத்து நோய் இல்லைன்னும் போட்டுட்டேன். உங்க மேஸ்திரி நல்லா சத்தம் போட்டுப் படிக்கட்டும்."

"நீ நல்லாருப்ப நைனா. பொய் எழுத வெச்சிட்டேன்."

"இதுல பொய் எங்க இருக்கு? ஒண்ணுக்கு ரெண்டு கள்ளியப் பாத்துட்டுதானே எழுதறேன்!"

கெங்கம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. உலகநாதன் சிரித்துக்கொண்டே இன்னொரு இலையிலும் களிம்பை வழித்து மடித்தார்.

"அது உன் விரலுக்கு. இது, மருமவ கொண்டைக்குக் கீழ பின்கழுத்துல தடிச்சிருக்கே, அதுக்கு" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "கதவச் சாத்திக்கினு அவளுக்கு வெச்சுப் பாக்கறதுக்குச் சாமந்தி வாணாம் கெங்கம்மா. கனகாம்பரம் கட்டு. அரிக்காது. வாசனையும் வெளிய வராது."