பதினோராவது தாள்

பதினோராவது தாளில் அவர் கை நின்றது.

அதுவரை அவளுடைய வரைபடக் கோப்பை மளமளவென்று புரட்டிக்கொண்டு வந்தவர், மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். மேசைக்கு இந்தப் பக்கம் அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

கட்டடக்கலை படித்து முடித்து ஒன்றரை வருடமாகிறது. வேலை கேட்டு அவள் ஏறி இறங்கும் ஏழாவது அலுவலகம் இது. ஆறு இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. இப்போதைக்கு ஒரு டைல்ஸ் கடையில் நின்று, குளியலறைக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்பா மட்டும் இன்னும் அக்கம்பக்கத்தில் 'என் பொண்ணு ஆர்க்கிடெக்ட்' என்றே சொல்லி வருகிறார்.

அந்தத் தாளில் இருந்தது ஒரு மருத்துவமனைச் சுவர். மூன்றாம் ஆண்டில் வரைந்தது.

நோயாளியோடு வந்தவர்கள் படுப்பதற்காக, சுவரையே குடைந்தாற்போல் முழங்கால் உயரத்தில் நீளமான மேடைகள். தலைமாட்டில் பை வைக்க ஒரு மாடம். படுத்தபடியே வார்டுக்குள் பார்க்க, கண் மட்டத்தில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் அப்பா வராந்தாத் தரையில்தான் படுத்தார். ஸ்ட்ரெச்சர் வரும்போதெல்லாம் காலை மடக்கிக்கொள்வார். ஒரு மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது அவள் டேப்பை எடுத்து உச்சி முதல் பாதம் வரை அளந்தாள். பாதியில் விழித்துக்கொண்டவர், சட்டைக்கு அளவெடுக்கிறாளாக்கும் என்று நினைத்துக் கையை அகட்டிக் காட்டினார்.

அந்த அளவோடு நாலு விரற்கடை கூட்டியதுதான் மேடையின் நீளம். அதை வரைந்து முடித்தபோது அம்மா இல்லை.

"இது எங்க கட்டடம்மா," என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

கோபமாகச் சொல்லவில்லை. செல்போனில் தேடி ஒரு படத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். போன வருடம் திறந்த மருத்துவமனை. அதே சுவர், அதே மாடம், அதே ஜன்னல். மேடையில் ஒரு வயசாளி காலை நீட்டி, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள். வயசாளியின் குதிகாலுக்கும் மேடையின் விளிம்புக்கும் நடுவே நாலு விரற்கடை மிச்சம் இருந்தது. அவள் விட்டிருந்ததும் அவ்வளவுதான்.

கட்டினால் சரியாக வருமா என்று நாலு வருடமாக அவளுக்குத் தெரியாது. சரியாகத்தான் வந்திருந்தது.

அவள் வெட்கத்தில் குனிந்திருக்கிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். குரலைத் தணித்து, அந்த யோசனை தனக்கு வந்த கதையைச் சொன்னார். ஒரு காலையில் பல் தேய்க்கும்போது பளிச்சென்று தோன்றியதாம். வாயில் நுரையோடு ஓடிப்போய், கையில் கிடைத்த ஏதோ ஒரு பில்லின் மேல் கிறுக்கி வைத்தாராம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

தாளின் மூலையில் நாலு வருடத்துக்கு முந்தைய தேதி இருந்தது. அதைக் காட்டலாமா என்று வாயெடுத்தாள். தேதியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பார். இந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். இங்கே வாயைக் கொடுத்தால் எட்டாவது அலுவலகம் என்று ஒன்று இருக்காது.

"பாத்து வரையறது தப்பில்லம்மா. யாரோடதுன்னு சொல்லாம விடறதுதான் தப்பு."

மற்ற தாள்களெல்லாம் நன்றாகவே இருக்கின்றன, வரைகிற கை சுத்தமாக இருக்கிறது, தனக்கும் ஒரு ஆள் தேவைப்படுகிறது என்றார். இந்த ஒன்றை மட்டும் இப்போதே எடுத்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே இன்னும் நாலு பேர் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார்கள். கடையில் அவள் அரை நாள் லீவுதான் சொல்லியிருந்தாள்.

"தப்புதான் சார். உங்க பேரப் போட்டிருக்கணும்," என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. தப்பை ஒத்துக்கொள்கிற மனசு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே வருகிறது என்று மெச்சினார். இதே மாதிரி இன்னொரு மருத்துவமனை வேலை வந்திருக்கிறதாம். அதன் சுவரை அவளிடமே கொடுக்கப்போகிறாராம். ஏற்கெனவே பழகின கையாயிற்றே என்று சிரித்தார். திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்.

பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிக்கொண்டிருந்த தாளை நகத்தால் நெம்பி வெளியே எடுத்தாள். உறைக்குள் இருந்தவரை யார் கண்ணிலும் படாத பின்பக்கம் இப்போது அவள் பக்கம் இருந்தது.

மூன்றாம் ஆண்டுத் தேர்வில் மதிப்பெண் போட வெளியிலிருந்து வந்தவர், ஒரே நாளில் எழுபது பேரின் வேலையைப் பார்த்துவிட்டுப் போனவர், அங்கே பச்சை மையில் எழுதியிருந்தார்: 'நல்ல மனசு. நடைமுறைக்கு ஒத்துவராது.' கீழே கையெழுத்து. அதன் கீழே, அன்று அவள் படிக்காமல் விட்ட முழுப் பெயர்.

மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையிலும் அதே பெயர்தான்.

தாளைத் திருப்பி வைத்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

எழுத்து உள்ளே போகும்படி அதை இரண்டாக மடித்தாள். நாலாக மடித்தாள். பைக்குள் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள்.