விருதுத் தூண்கள்

பூமியைக் காப்பாற்றும் பெரும்பொறுப்பைக் காரைக்குடி ஏற்றுக்கொண்டுவிட்டதாக மேடையில் அறிவித்தார்கள். குமரப்பனின் புது ஹோட்டலில் தூண், கதவு, ஓடு எல்லாமே பழைய வீடுகளில் கழற்றியவை. அதற்காகக் ‘கட்டடக் கழிவு குறைத்த கோமான்’ என்று விருதும் பொன்னாடையும் கொடுத்தார்கள்.

பள்ளத்தூர்ப் பூர்வீக வீட்டில் தனியாகக் குடியிருக்கும் தங்கை சௌபர்ணிகாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

“அண்ணே, நம்ம வீட்டை இடிக்கப் போறீகன்னு சொன்னாக. இனி இடிக்க மாட்டீகள்ல?”

“அடுத்த ஹோட்டலுக்குப் பழைய தூண் வேணுமே. புது மரம் போட்டா எவன் விருது தருவான்?”

“வீடு ஒழுகக்கூட இல்லையேண்ணே.”

“அதுனாலதான் தூணெல்லாம் உளுத்துப்போகாம இருக்கு.”

மறுவாரம் வீட்டை இடித்தார்கள். தூண்கள் குமரப்பனுக்கு அடுத்த விருதையும் வாங்கித் தந்தன. மிச்ச வீட்டை ஊருணியில் கொட்டினார்கள்.