அந்தப் பொண்ணே எடுக்கட்டும்

“நீங்க வேண்டாம்மா. அந்தப் பொண்ணே எடுக்கட்டும்.”

ரத்தம் எடுக்கும் அறையில் சீனியர் அக்காவுக்கு எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவர் ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது என்று பேர். அவரை விட்டுவிட்டு, தினமும் குத்தத் தெரியாமல் திணறும் பயிற்சி மாணவியிடம்தான் எடுத்துக்கொள்வேன் என்று ஒரு மனுஷன் ஒற்றைக் காலில் நின்றால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நினைப்பதென்ன, பேரே வைத்துவிட்டார்கள். சென்ட் சார்.

சாயம் பூசிய தலை. மடிப்புக் கலையாத சட்டை. ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்து நிற்கும். இதய ஆபரேஷன் ஆனவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதால், வாரா வாரம் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

வந்தால் சும்மாவும் இருக்க மாட்டார்.

“ஹாஸ்டல்ல சாப்பாடெல்லாம் எப்படிம்மா?”

“நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கியே, கால் வலிக்காது?”

போன வாரமும் அவளிடம்தான் கையை நீட்டினார். அவள் குத்தி, ரத்தம் வராமல், கடைசியில் அக்காதான் எடுத்துக்கொடுத்தார். அப்படியும் மனுஷனுக்குப் புத்தி வரவில்லை.

இன்றைக்கு அவளுக்கு வேறு வழியும் இல்லை. காலையிலேயே லேப் பொறுப்பாளர் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இன்னிக்கும் ஒழுங்கா எடுக்கலைன்னா, இந்த வேலை உனக்கு ஒத்து வராதுன்னு காலேஜுக்குச் சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதே.”

வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டால் அண்ணனின் கேலி ஒன்று போதும், ஆளைக் கொன்றுவிடும். ஆனால் எடுப்பதற்குக் கை வேண்டுமே? வந்தவர்கள் எல்லாரும் “படிக்கிற பிள்ளையா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா பக்கம் நகர்ந்துவிட்டார்கள். மிச்சம் இவர் ஒருத்தர்தான்.

அக்கா அவள் காதருகே குனிந்தார்.

“இந்த வயசுல இவருக்கு இது தேவையா? நீ ஜாக்கிரதையா இரு. தொட்டும் தொடாம எடுத்து அனுப்பு.”

அவளும் அப்படித்தான் செய்தாள். ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். ரெண்டே ரெண்டு விரலால் அந்தக் கையைப் பட்டும் படாமல் பிடித்துக்கொண்டு ஊசியைச் செருகினாள்.

நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. டியூபில் ஒரு சொட்டுகூட இல்லை.

பின்னால் மேடம் தொண்டையைக் கனைத்தார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்ட் சார் சுவர்ப் பக்கம் திரும்பியபடி, “அதனால என்னம்மா? இன்னொரு கை சும்மாதானே இருக்கு. அதுல எடு” என்றார்.

மேடம் கிட்டே வந்தார். “நரம்பை ஏன் ஓட விடறே? கையைப் பிடிக்கவே இவ்வளவு கூச்சப்பட்டா எப்படி? கட்டை விரலால தோலை இழுத்துப் பிடி. நோயாளி கைதானே, பாம்பா?”

அவள் பட்டையை மறு கைக்கு மாற்றிக் கட்டி, புது ஊசி எடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையை முதல் தடவையாக அழுத்திப் பிடித்தாள்.

கை சில்லென்று வியர்த்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மனுஷன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அட, இவருக்கு ஊசி என்றால் இவ்வளவு பயமா!

“பயப்படாதீங்க சார். ஒரு நிமிஷம்தான்” என்று தன்னை அறியாமல் சொன்னாள். சொன்னதும் அவள் கூச்சம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

ஊசி உள்ளே போனது. டியூப் சிவப்பாக நிறைந்தது.

அப்பாடா! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ம்… தேறிட்டே. நாளையிலேருந்து தனி நாற்காலியில உட்கார்” என்றார் மேடம். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவது குதிரைக் கொம்பு. சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

அந்தத் தெம்பில் அவளுக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கும் வந்துவிட்டது.

“பஞ்சை அழுத்திப் பிடிங்க சார். இனிமே நான் புதுசு இல்ல. அடுத்த வாரம் புதுசா வர்றது ஒரு பையன். தாடியெல்லாம் வெச்சிருப்பான்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சென்ட் சார் முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியா? அப்போ அந்தத் தம்பிகிட்டயே எடுத்துக்கறேன். என் பேரைச் சொல்லி வையும்மா, வேற யாராவது கூப்பிட்டுடப் போறாங்க.”

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏன் சார்?” என்று கேட்டாள் அவள். “ஊசின்னாலே இப்படிப் பயப்படறீங்க. அக்காகிட்டப் போனா வலியே தெரியாதே?”

அவர் சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டார்.

“என் பொண்ணும் வேற ஊர்ல இதே படிப்புதாம்மா படிக்கிறா. படிக்கிற பொண்ணுன்னு யாருமே கையை நீட்ட மாட்டேங்கிறாங்கப்பான்னு போன்ல ஒரே அழுகை. தினமும் அவ்வளவு தூரம் போய் நான் உட்கார முடியுமா? இங்க நான் நீட்டினா, அங்க யாராவது ஒரு புண்ணியவான் நீட்ட மாட்டாரான்னு ஒரு நப்பாசைதான்…”

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“நேத்து ஒருத்தர் நீட்டினாராம்மா!”