மீட்டிங் ஜோக்கு

"வண்டிய எடு. மாத்தூர் பக்கம் போவணும்" என்று மாயா சொன்னபோது அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள்ளிருந்து மடித்த புடவை எட்டிப் பார்த்தது. தீனா அந்தப் பையையே பார்த்தான்.

மாத்தூரில்தான் அவளுடைய அம்மா வீடு.

"இப்பவா?"

"இப்பத்தான்."

"பாப்பா?"

"அத்தைகிட்ட இருக்கட்டும்."

குழந்தையைக்கூட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். தீனா ஆட்டோ சாவியை வீடு முழுக்கத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

விம்கோ நகரில் தீனாவின் ஷேர் ஆட்டோ என்றால் சும்மா இல்லை. அவன் பேச்சைக் கேட்பதற்காகவே முன்னால் வருகிற வண்டிகளை விட்டுவிட்டுக் காத்திருக்கிற ஜனம் உண்டு. எக்ஸ்போர்ட் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாயாவும் அப்படிக் காத்திருந்தவள்தான். அவன் ஜோக்குக்குச் சிரித்துச் சிரித்து, கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு பிள்ளைப்பேற்றோடு நின்றுபோனது. குழந்தையை ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்ததே பெரிது என்றார்கள். பிழைத்து வீட்டுக்கு வந்த மாயா மூன்று வருஷமாக எந்த ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. பெண்ணுக்கு மகிழினி என்று பேர் வைத்த வீட்டில் இந்தக் கூத்து.

அவன் வாயைத் திறந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள். அவன் ஆட்டோவில் ஏறுவதையும் விட்டுவிட்டாள். மார்க்கெட்டுக்கு நடைதான். கல்யாணம், காதுகுத்து என்றால் தலைவலி வந்துவிடும். வேலைக்குப் போவதும் நின்றுபோனது.

"அவளுக்கு உன்னப் புடிக்கலடா" என்று அம்மா சொக்கம்மாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"ஜோக்கு பழசாய்டுச்சி மாமு, புதுசு போடு" என்றான் தோஸ்து பீம்ராவ்.

புதுசும் போட்டுப் பார்த்தான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாயா மட்டும் கதவோரத்தில் காலைப் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

ஒருநாள் அவளாகவே "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். தீனா ஆவலாகத் திரும்பினான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு மாறிவிட்டது.

"வாணாம். நாளைக்கு அதையே ஆட்டோ ஃபுல்லா சொல்லி சிரிப்பு காட்டுவ."

கொஞ்ச மாதமாகச் செவ்வாய்க்கிழமையானால் அம்மாவைப் பார்க்க என்று தனியாகக் கிளம்பிவிடுகிறாள். அங்கே பேச்சுவார்த்தை நடக்கிறது என்று தீனா புரிந்துகொண்டான். இன்றைக்கு முடிவு வந்துவிட்டது. ஒற்றைப் புடவையோடு எவளாவது புருஷன் வீட்டை விட்டுப் போவாளா என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

காலி வண்டியில் மாயா அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட ரோடு. பள்ளங்களுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் தார் இருந்தது. தீனா பூப்போல ஓட்டினான்.

"ஏன் உருட்டிகினு போற? பள்ளத்துல வுடு."

போய்ச் சேர அவ்வளவு அவசரம். சரி என்று தீனா பள்ளத்தில் விட்டான். வண்டி இரண்டு பேரையும் தூக்கிப் போட்டது.

"அந்த மீட்டிங் ஜோக்கு சொல்லு" என்றாள்.

"இன்னாத்துக்கு? நீதான் சிரிக்க மாட்டியே."

"சொல்லேன்."

பிரிகிற நேரத்தில் கேட்கிறாள், மறுக்க மனசு வரவில்லை. எழவு வீட்டுக் குரலில் தீனா ஆரம்பித்தான்.

"ஒருத்தன் என் பக்கத்துல குந்திகினு பொண்டாட்டிகிட்ட போன்ல பேசறான். 'பெரம்பூர்ல மீட்டிங்ல கீறேன், அப்பறமா பேசு'ன்றான். பின்சீட்லேர்ந்து ஒரு கை வந்து அவன் மண்டைல நச்சுன்னு ஒண்ணு வெச்சுது. 'மீட்டிங் முடிஞ்சிடுச்சி, எறங்கு'ன்னா அவன் பொண்டாட்டி."

பின்னாலிருந்து விநோதமாக ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து, வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினான்.

மாயா சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, மூன்று வருஷச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். பாதி எழுந்து, உட்கார்ந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். திருப்பியும் தடவிப் பார்த்தாள்.

"இன்னா தேடுற?"

பதிலுக்குத் துணிப்பையைச் சுருட்டி அவன் மடியில் போட்டாள். "மாத்துப் புடவை. இனிமே இது வாணாம்."

"அப்போ அம்மா வூடு?"

"யாரு போறா? இத்தவிட மோசமான ரோடு எனக்குத் தெரியல, அதான் இங்க வுடச் சொன்னேன்."

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம போனியே?"

"அது ஆஸ்பத்திரிக்கு. எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாங்க. வண்டில குலுங்கி, நல்லா சிரிச்சிப் பாருன்னு டாக்டரம்மா இப்பத்தான் சொல்லிகீறாங்க."

தீனா முழித்தான். சிரிப்பதற்கு எதற்கு டாக்டர் என்று அவனுக்கு விளங்கவில்லை.

மாயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"புள்ள பொறந்ததுலேர்ந்து சிரிச்சா புடவை நனைஞ்சிடும்யா. இன்னிக்கி நனையல, இன்னொண்ணு சொல்லு."