அம்பிட்டிய வீட்டு விருந்தாளிகள்

அம்பிட்டியவில் அந்தப் பழைய வீட்டை எழுத்தாளர், ஓவியர் நினைவகமாகத் திறக்க இரண்டு நாள்தான் இருந்தது. பத்திரிகைக்கு எழுத வந்த கஜனியை, காலமான வியாபாரி ரஸீன் ஹாஜியாரின் மகள் ஹிதாயா ஒவ்வோர் அறையாக அழைத்துப் போனார். ஓர் அறை நிறைய ஓவியங்கள்; அடுத்ததில் நாவல்களின் கைப்பிரதிகள்.

"எல்லாரும் இங்க தங்கித்தான் எழுதினாங்களா?"

"ஓம் மகள். மாசக்கணக்கா இருப்பாங்க. எழுதினத முதல்ல வாப்பாக்குத்தான் வாசிச்சுக் காட்டுவாங்க. 'இந்த இடம் சரியில்ல'ன்டு வாப்பா சொன்னா, அந்தப் பக்கத்தையே திருப்பி எழுதுவாங்க."

கஜனி வியந்துபோனாள்.

"அவர் கைப்பட எழுதின கடிதம் ஒன்னு கிடைக்குமாங்க? கட்டுரையோட போடணும்."

ஹிதாயா தயங்கினார். பிறகு அலுமாரியைத் திறந்து, ஹாஜியார் வீட்டை நினைவகத்துக்கு எழுதிக்கொடுத்த உறுதிப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். கடைசிப் பக்கத்தில், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பெருவிரல் அடையாளம்.

"வாப்பாக்கு எழுத வாசிக்கத் தெரியாது மகள். எல்லாம் காதால கேட்டதுதான். இது வெளிய தெரிஞ்சா வெக்கம்ன்டு எனக்கு மூத்தவர், எங்கட நானா, சொல்றார்."

கஜனி அந்த ரேகைகளை நெடுநேரம் பார்த்தாள்.

"இதத்தாங்க முன்னுக்கு வைக்கணும்."

ஹிதாயா கண்களைத் துடைத்துக்கொண்டார். முன்னறைக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நடுவிலிருந்த நாவலைச் சற்று ஒதுக்கி இடம் பண்ணினார்.